வெங்காயக் கூடையில் பதினோராம் நம்பர்

போனை எடுக்காத மகனுக்கு உன் அம்மா எழுதுவது. நேற்றும் கூப்பிட்டேன், முந்தாநாளும் கூப்பிட்டேன். உன் பெண்டாட்டிதான் எடுத்து, "அத்தை, அவரு குளிச்சிக்கிட்டு இருக்காரு" என்றாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், பொழுது சாய்ந்து கூப்பிட்டாலும் குளிக்கிறாய். சின்ன வயதில் உன்னை ஒரு வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்த நான் தெரு முழுக்கத் துரத்தியிருக்கிறேன். மெட்ராசுக்குப் போனதும் இப்படி ஒரு சுத்தம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, அந்தப் பிள்ளையை எதற்கடா பொய் சொல்ல வைக்கிறாய் என்று திட்டுவதா, தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜெயா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். நீ பார்த்துவிட்டால் நீலக் கோடு விழும் என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே பார்க்கவே இல்லை என்று என்னிடம் சாதிக்க முடியாது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை யாழினிக்குக் காதுகுத்து, இங்கே பாம்பனில், நம் வீட்டில். உன் தங்கச்சி பெற்ற பிள்ளை. தாய்மாமன் நீ இருக்கிறாய், உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சம்பந்தி வீட்டில் இந்தத் தரம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ராமேஸ்வரத்தில் அவர்கள் சங்குக் கடை வாசலில் நிற்க வைத்தே சம்பந்தி என்னிடம் கேட்டார்: "மாமன் வந்தா சந்தோசம்மா. வராட்டி குமார உக்கார வச்சுக் குத்திருவோம். ஆடி பொறந்துட்டா அப்பறம் ஒண்ணும் செய்ய ஏலாது. இன்னும் எத்தன நாளைக்குப் பிள்ளைய மூளிக் காதோட வச்சிருக்கிறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. குமார் உன் சித்தப்பா மகன், முறைக்கு அவனும் மாமன்தான். ஆனால் போன ஐப்பசியில் யாழினிக்கு மொட்டை போட்டதும் அவன் மடியில், காது குத்துவதும் அவன் மடியில் என்றாகிவிட்டால், நீயும் உன் தங்கச்சியும் இந்த ஜென்மத்தில் சேர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். காதை ஒரு தரம்தான் குத்துவார்கள்.

இது போதாது என்று காற்று வேறு ஒரு தினுசாக இருக்கிறது. வைகாசியில் இப்படி அடிக்கிற காற்று இல்லை இது. கொல்லையில் காயப்போட்ட துணியை இரண்டு முறை அடுத்த வீட்டில் போய் வாங்கி வந்தேன். நேற்று துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். உன் அய்யா வந்து சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது புயல் இல்லை, நம் வீட்டுக் கூண்டுதான்.

மறந்திருக்க மாட்டாய். வெங்காயம் போட்டு வைக்கிற அந்தக் கம்பிக் கூடை. கொல்லைக் கதவுக்கு வெளியே ஆணியில் அதை மாட்டிவிட்டு, பக்கத்துச் சுவரில் சாக்பீசால் நம்பர் எழுதுவாய். அய்யா ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்து கொல்லைப் பக்கமாகச் சைக்கிளில் வரும்போது, அம்மா எந்த நிலையில் இருக்கிறாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்கு. பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தால் ஒன்று. பாத்திரமே சத்தம் போட்டால் மூன்று. உன்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து. கையில் விளக்கமாறு இருந்தால் எட்டு. இத்தனையும் எனக்குத் தெரியாமல் நடந்ததாக நீங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கூடையைக் காணாமல் வெங்காயத்தைத் தரையில் கொட்டி வைத்திருந்தவள் நான், எனக்கா தெரியாது? ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அய்யா சைக்கிளை நிறுத்தி, கழுத்தை நீட்டிச் சுவரைப் படித்தார். எட்டு என்று போட்டிருந்தது. வந்த சத்தம் தெரியாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் போய் ஒரே சிரிப்பு. ஆனால் சிரித்தால் உங்களுக்குக் குளிர் விட்டுப்போகும் என்று விளக்கமாற்றைக் கீழே போடாமல் அப்படியே நின்றேன்.

பதினோராம் நம்பர் ஒரே ஒரு தரம்தான் ஏறியது. பாலத்தைத் தூக்கிக் கப்பல் விடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நீ தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். நான் தேடாத இடமில்லை. கடற்கரையில் போய் ஒவ்வொரு வள்ளத்துக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தேன். இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வந்து நின்றீர்கள், மூஞ்சியெல்லாம் உப்பும் மண்ணுமாக. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் தப்பித்தோம் என்றுதான் நினைத்தீர்கள். நேரம் போகப் போகப் பயம் வந்துவிட்டது. அவள் வந்து, "அம்மா, திட்டும்மா" என்று அழுதாள். நீ விளக்கமாற்றை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் திரும்பவே இல்லை. வாசலில் நீ அய்யாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"அய்யா, அம்மாவுக்கு என்ன நம்பர் போட?"

"பதினொன்னு போடு."

"பதினொன்னுனா ரொம்பப் பெரிய புயலா?"

"அதெல்லாம் இல்லலே. காத்து எப்படி, கடல் எப்படின்னு ஒரு சேதியும் இங்கன வந்து சேரலன்னா பதினொன்னு ஏத்துவாக. என்ன வருதுன்னே தெரியாது பாத்துக்க. அதான் இருக்கிறதுலயே பயம்."

அன்றைக்கு அதைக் கேட்டு நீ விம்மி விம்மி அழுதாய். இன்றைக்கு அதே வேலையை நீ செய்கிறாய். உன் தங்கச்சியும் செய்கிறாள். போன ஐப்பசியிலிருந்து ஒரு சேதியும் போகவில்லை, வரவில்லை.

அந்த மொட்டை அன்றைக்கு நடந்ததை நீ ஒரு மாதிரி மனதில் வைத்திருக்கிறாய், அவள் ஒரு மாதிரி வைத்திருக்கிறாள். நடுவில் நின்றவள் நான், நான் சொல்கிறேன் கேள். நீ லீவு போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தாய், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தாய்மாமன் சீர் என்றால் ஊரே பார்க்க வேண்டும் என்று இரண்டு பை பழம், பட்டுப் பாவாடை, அதோடு அந்தப் பிள்ளை உட்கார்ந்து ஓட்டுவதற்கு ஒரு பேட்டரிக் கார். நடக்கவே தெரியாத பிள்ளைக்குக் கார்! அது வந்த அட்டைப்பெட்டி நம் பீரோ அளவு இருந்தது. காற்றடிக்கிறது என்று ரயிலை மண்டபத்தில் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் இறங்கி பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். நீ பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டு, இப்போது விட்டுவிடுவான், இப்போது விட்டுவிடுவான் என்று இருந்தாய். வெறுங்கையோடு வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பாய். வெறுங்கையோடு வர உன் ரோஷம் விடவில்லை.

இங்கே தங்கச்சிமடத்துக் கோயிலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. மேளச் சத்தத்தில் உன் போன் யாருக்கும் கேட்கவில்லை, அவளுடைய போன் பைக்குள் கிடந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று சம்பந்தி கடிகாரத்தைப் பார்க்கிறார், நாவிதர் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், உன் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறாள். கடைசியில் சம்பந்திதான், "குமாரு, நீ உக்காருப்பா" என்றார். அவன் உட்காரும்போதே என்னைப் பார்த்து, "பெரியம்மா, அண்ணன் வந்ததும் எந்திரிச்சிருவேன்" என்றான். பாதி மொட்டையில் எப்படி எழுந்திருக்க? நீ ஆட்டோவில் வந்து இறங்கும்போது பிள்ளை தலையில் சந்தனம் பூசியாகிவிட்டது.

அப்போது நீ என்ன சொன்னாய்? "அவன் மடிதான் நல்லாருக்குல்ல, காதையும் அங்கனயே வச்சுக் குத்திக்க." சீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறினாய். அவளும் சும்மா இருக்கவில்லை. "போ. நேரத்துக்கு வரத் தெரியல, கோவம் மட்டும் வருது" என்றாள். இரண்டு வாயும் என்னுடைய வாய்தான், நான் யாரைச் சொல்ல? ஆனால் நீ போன பிறகு நடந்தது ஒன்று உண்டு. இதுவரை அதை உன்னிடம் சொல்ல நீ எனக்கு வழிவிடவில்லை. ஆசாரி காது குத்த ஊசியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டையும் ஒரே நாளில் முடிப்பதாகத்தானே பேச்சு? சம்பந்தி, "ஆகட்டும், ஆசாரி" என்றார். அவள் குமார் மடியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "காது இன்னைக்கு வேணாம். நீங்க போயிட்டு வாங்க, ஆசாரி" என்றாள். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். "பிள்ளைக்கு மேலு சுடுது" என்றாள். காய்ச்சலும் இல்லை, எந்த மேலும் சுடவில்லை. பிள்ளை வழிந்த சந்தனத்தை நக்கித் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள் புகுந்த வீட்டில். ஒரு மாதம் சளி, ஒரு மாதம் பல் முளைக்கிறது, ஒரு மாதம் அவளுக்கே தலைசுற்றல். எதற்காக என்று நான் கேட்டால், "சும்மா இரும்மா" என்கிறாள். அந்தக் கார்ப் பெட்டி இன்னும் நம் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது. யாழினி இப்போது நடக்கிறாள். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு டுர்ர் டுர்ர் என்று ஓட்டுகிறாள். உள்ளே நிஜமான கார் இருப்பது அதற்குத் தெரியாது. பிரித்துக் கொடுத்தால் என்ன என்று அய்யா கத்தியை எடுத்தார். "வாங்கிட்டு வந்தவரு வந்து பிரிக்கட்டும்" என்று கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

உன் அய்யா எதையும் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். மொட்டை முடிந்த மறுநாள் அடுப்படிக்கு வந்தார். கூடையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் கொட்டினார், கூடையைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டினார், சுவரில் பதினொன்று என்று எழுதினார், போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கூடை அங்கேயேதான் தொங்குகிறது. வெங்காயம் தரையில் கிடக்கிறது.

உங்கள் இரண்டு பேரையும் வளர்த்த காலத்தில் சண்டை இல்லாத நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, பொரித்த மீனில் எந்தத் துண்டு யாருக்கு என்று சண்டை, சுவரோரம் யார் படுப்பது என்று சண்டை. தீர்ப்புச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை இப்படி ஆயிற்று. ஒரு நாள் நீ சலூன் வைத்தாய். அவள் கழுத்தில் துண்டைக் கட்டி உட்கார வைத்து, கத்தரிக்கோலால் ஒரு பக்கம் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டாய். நான் எட்டாம் நம்பரோடு வந்து நின்றால், அவள் பாதித் தலையோடு எழுந்து, "நாந்தான் வெட்டச் சொன்னேன்" என்கிறாள். இன்னும் பால்பல் விழவில்லை, அதற்குள் உனக்காகப் பொய். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அவள் மாதா மாதம் சொல்கிற சளியையும் தலைசுற்றலையும் கேட்கும்போது, இவள் மாறவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ மட்டும் என்ன? அவளுக்குக் காது குத்திய அன்றைக்கு என் தம்பி மடியில் உட்கார வைத்திருந்தோம். ஊசி இறங்கியதும் அவள் வீல் என்று கத்தினாள். எங்கிருந்துதான் வந்தாயோ, கூட்டத்தின் காலுக்குள் நுழைந்து வந்து ஆசாரியின் கையைக் கடித்துவிட்டாய். மூன்று பேர் சேர்ந்து பிடித்து இழுத்தும் நீ விடவில்லை. பாவம் அந்த மனுசர், ஒரு காதோடு எழுந்து போகப் பார்த்தார். கை காலைப் பிடித்து, உன்னை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் மறு காதைக் குத்தினோம். உள்ளே நீ கதவை உதைத்துக்கொண்டு, "எந்தங்கச்சிய விடுறா" என்று கத்தியது இன்னும் எனக்குக் கேட்கிறது. அதே ஆசாரிதான் இந்த ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும்.

கோபப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. எட்டாம் நம்பரில் குடும்பம் நடத்தியவள் நான். ஆனால் நாளைக்கு உனக்கும் ஒன்றுக்கு இரண்டாகப் பிள்ளை பிறக்கட்டும், அப்போது உனக்கே தெரியும். பிள்ளைகள் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. நான் போட்ட சத்தத்தில் நீங்கள் வளர்ந்தீர்கள், சாப்பிட்டீர்கள், என் பக்கத்திலேயே தூங்கினீர்கள். பேசாமல் இருந்த அந்த ஒரு நாளைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. ஆகவே வந்து சத்தம் போடு. நாலு பேர் முன்னால் அவளைத் திட்டு, அவளும் திட்டட்டும், நான் குறுக்கே வர மாட்டேன். போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குளித்துக்கொண்டிருக்காதே.

இதுவரை நேற்றே எழுதி முடித்துவிட்டேன், படம் பிடித்து அனுப்பத்தான் ஜெயா வீட்டில் இல்லை. இன்று காலையில் அவள் வந்தாள், ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு. நான் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்திருந்தேன், அவள் கவனிக்கவில்லை. கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையால் அந்த நம்பரைத் துடைத்தாள். துடைத்துவிட்டு ஆசாரிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கப் பேசுவது அவள் பழக்கம், உனக்குத்தான் தெரியுமே.

"ஞாயித்துக்கிழமை வந்துருங்க, ஆசாரி."

"வாரேன்த்தா. எத்தன மணிக்கு நேரம் வச்சிருக்காக?"

"நேரமெல்லாம் பாக்கல. எங்கண்ணன் வார ரயிலு பாலத்தத் தாண்டுனதும் நான் போன் பண்றேன். அப்பக் கெளம்பி வாங்க, போதும்."

"காத்து ஒரு மாதிரியா இருக்கேத்தா. அன்னைக்கு மாதிரி மண்டபத்துலயே நிப்பாட்டிட்டான்னா?"

"அவன் வந்து சேருற வரைக்கும் நீங்களும் காத்திருங்க."

"ஒங்க மாமனாரு ஒத்துக்கிட்டாகளா?"

"அத நான் பாத்துக்கிறேன். சொல்லியாச்சு அவுககிட்ட."

"அப்பச் சரித்தா. ஒங்கண்ணன் கடிச்சுக்கிடிச்சு வைக்க மாட்டானே?"

அவள் சிரித்துவிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்டேன். போனை வைத்த பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "என்ன பாக்குற? துணியத் துவைம்மா" என்று என் மேல் எரிந்து விழுந்தாள். ஆணியிலிருந்து கூடையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய், வாங்கி வந்த வெங்காயத்தை அதில் கொட்டினாள்.

அவள் உன்னைக் கூப்பிட மாட்டாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, அதை மாற்ற என்னால் ஆகாது. நீ வருகிறாய் என்றும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. நீ இன்னும் டிக்கெட்டே எடுக்காத ஒரு ரயிலை நம்பி, புகுந்த வீட்டு மனிதர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த ரயில் பாலத்தைத் தாண்டி, அதில் நீ இல்லை என்றால் அவள் யார் முகத்தில் விழிப்பாள் என்று கொஞ்சம் யோசித்துப் பார். அன்றைக்கு உனக்காக அரை மணி நேரம் காத்திருக்கவில்லை என்றுதானே உன் கோபம்? இன்றைக்கு அவள் முகூர்த்தத்தையே உன் ரயிலிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஏறு. உன் பெண்டாட்டியையும் கூட்டி வா, அந்தப் பிள்ளையும் பொய் சொல்லிக் களைத்திருக்கும். மண்டபத்தில் நிறுத்தினால் இந்தத் தரம் உட்கார்ந்திருக்காதே, இறங்கி பஸ்ஸைப் பிடி. பழம் வேண்டாம், பாவாடை வேண்டாம், பெட்டி எதுவும் உன் கையில் இருக்கக் கூடாது. யாழினிக்கு வேண்டியதில் உன்னிடம் இருப்பது ஒன்றுதான். மடியை மட்டும் கொண்டு வாடா.

அம்மா